அப்பாவுவின் கட்டைவிரல்

சுங்குவார்சத்திரம் சர்ச் ஹாலில் மருத்துவ முகாம். ஜன்னல் கம்பிகளின் நிழல் அப்பாவுவின் மடியில் விழுகிறது. பக்கவாதம் வந்த மூன்று வருஷமாக, மனைவி ஞானம்மா எடுத்து வைத்த இடத்திலேயே கிடக்கிற அவன் வலது கை, இப்போது அவள் உள்ளங்கையில் கிடக்கிறது. மெட்ராஸ் டாக்டர் காந்த வளையத்தை அவன் தலைமேல் பிடித்து விசையை அழுத்துகிறார். டக்கென்று ஒரு சத்தம். கட்டைவிரல் துள்ளி அவள் கையைத் தட்டுகிறது. ஞானம்மா சட்டென்று அப்பாவுவின் முகத்தைப் பார்க்கிறாள். "அவரா அசைக்கலம்மா. காந்தம் மூளையைத் தூண்டுது, விரல் ஆடுது. சோதனைதான், வைத்தியம் இல்ல" என்கிறார் டாக்டர். "தெரியுது சார்." அப்பாவு ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். காந்தம் இருக்கிறதென்று இரும்பைக் கழற்றச் சொன்னதற்குக் கண்ணாடி வளையலையும் கழற்றிவிட்ட வெறுங்கையை, அவள் மறுபடியும் அந்த விரலுக்கடியில் கொடுக்கிறாள். "இன்னொரு தபா வைங்க சார்."