கதிர்க்கட்டு

சட்டமன்றக் குவிமாடத்தின் கீழே உள்ள சுவரோவியத்தில் ஓர் உழவர் பெண், கோதுமைக் கதிர்க்கட்டை இரு கைகளாலும் அணைத்தபடி நிற்கிறாள். நூறு வருஷமாக உறுப்பினர்கள் ஊதித்தள்ளிய சுருட்டுப் புகை அவள் மேல் கறையாகப் படிந்திருந்தது. ஓவியங்களைச் சீர்செய்யும் மார்லிஸ், உயரமான சாரத்தில் உட்கார்ந்து, பஞ்சைத் தன் எச்சிலில் நனைத்து அந்தக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பழைய வர்ணத்துக்கு எச்சிலைவிடப் பதமான மருந்து கிடையாது.

“பெத்த பொண்ணுக்கு மூஞ்சி துடைக்கிற மாதிரியில்ல துடைக்கிறே!” என்று காவலாளி டெல்மர் கீழிருந்து தினமும் கேலி செய்வார்.

அன்று அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்து முடித்திருந்தாள். எழுந்தபோது பலகை நழுவியது. பின்னால் சரிந்தவளின் மணிக்கட்டை ஒரு கை பற்றி இழுத்து நிறுத்தியது.

“நல்லவேளை பிடிச்சீங்க, டெல்மர்!” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

“யாரு, நானா?” குரல் தரையிலிருந்து வந்தது. “சுத்திப் பாக்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட இங்க கீழயில்ல நிக்கிறேன்!”

மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். ஓவியப் பெண்ணின் காலடியில் கதிர்க்கட்டு கிடந்தது. அவளுடைய வலது கை முன்னால் நீண்டிருந்தது.

ஓவியத்தில் எது மாறியிருந்தாலும் பழையபடி தீட்டிவிட வேண்டும் என்பது தொழில் விதி. மார்லிஸ் தூரிகையைத் தொடவில்லை. புதுப் பஞ்சை எச்சிலில் நனைத்து, நீண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

“நீ நல்லா இருக்கணும், தாயி” என்றாள் மார்லிஸ்.

அவள் ஏணியில் இறங்கி முடிக்கும்வரை அந்தக் கை நீண்டபடியே இருந்தது. சலவைக்கல் தரையில் கால் ஊன்றியதும் நிமிர்ந்து பார்த்தாள். கதிர்க்கட்டு மறுபடி இரு கைகளுக்குள் இருந்தது. ஒரே ஒரு கதிர் மட்டும் காலடியிலேயே கிடந்தது.