நம்ம பாஷை

"அப்பா மோசம் போயிட்டார், மிஸ்" என்றாள் லக்‌ஷிகா, மேசையைப் பார்த்தபடி.

ராஜலட்சுமி பேனாவைக் கீழே வைத்தாள். அந்த லண்டன் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வது அவள் வேலை. நாடு முழுக்கப் போட்டி போடும் இந்தப் பெரிய உதவித்தொகைக்கு ஒரு பல்கலைக்கழகம் ஒரே ஒரு பெயரைத்தான் அனுப்பலாம். இன்று நாலு மணியோடு கதவைச் சாத்திவிடுவார்கள்.

மிச்சம் இருந்தது இரண்டு பேர், லக்‌ஷிகாவும் ஸ்ரீனிவாஸும். கெட்டிக்காரி என்று பார்த்தால் இவள்தான். கிடைத்தால் ஆராய்ச்சிப் படிப்பு. இல்லையென்றால் லண்டன் ஓரத்துச் சட்டனில் அம்மா வேலை பார்க்கும் கடையில் இவளும் போய் நிற்க வேண்டியதுதான்.

ஆனால் போன வருஷம் ஒரே ஒரு பருவத்தில் மட்டும் மதிப்பெண் தலைகுப்புற விழுந்திருந்தது. 'காரணம் இருந்தால் எழுதுக' என்ற கட்டமோ காலி. இங்கிலீஷில் கேட்டால் பெண் தட்டுத் தடுமாறினாள். "தமிழ்லயே சொல்லும்மா. நம்ம பாஷை இருக்கும்போது நமக்குள்ள என்ன இங்கிலீஷ்?" என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னவள் ராஜலட்சுமிதான்.

"எப்போ?" என்று இப்போது கேட்டாள்.

"போன வருசம் மார்ச் பதினொண்டு. விடியக்காலமை."

அட, ஏமாந்த நேரத்தைக்கூடவா குறித்து வைப்பார்கள்! கூட்டாளியை நம்பிக் கடை வைத்து ஏமாந்த எத்தனை அப்பாக்களின் கதையை இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். உங்கப்பா கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்றாள்.

"கவனமாத்தான் இருந்தவர், மிஸ். மற்றவனிலைதான் பிழை எண்டு பொலிசும் சொன்னது."

"சரி, போனது போச்சு. அதையே நினைச்சுட்டிருந்தா படிப்பு என்னாகும்? எங்க வீட்லயும் நடந்ததுதான். நான் ஒரு மார்க் விடலை."

லக்‌ஷிகா நிமிர்ந்து பார்த்தாள்.

"விடுங்கோ, மிஸ். என்ர பேர் வேண்டாம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ராஜலட்சுமிக்குச் சுருக்கென்றது. ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை! அப்பா எவனிடமோ ஏமாந்ததற்கெல்லாம் சலுகை காட்ட முடியுமா என்ன? காலிக் கட்டத்தில் 'தகுந்த காரணம் இல்லை' என்று தட்டினாள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் ஸ்ரீனிவாஸின் பெயரை அனுப்பிவிட்டு, தேநீர் போட்டுக்கொண்டாள்.

நாலே காலுக்கு மேரிறோஸ் வந்து நின்றாள். வரவேற்பு மேசைக்குப் போன மாதம் சேர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். கோட்டை மாட்டியிருந்தாள், கண் சிவந்திருந்தது. நாளைக்கு லீவு வேணும் என்றாள்.

"ஏன், என்னாச்சு?"

"மாமா மோசம் போயிட்டார், அக்கா."

"அடடா, அவருமா? யார்கிட்ட ஏமாந்தார்?"

மேரிறோஸ் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஏமாறேல்லை, அக்கா. செத்துப்போனார்."