கழிவைக் கொடுக்கக் கூசிய தசையணு

இரத்தத்தின் சிவப்பணு கேட்டவர்களுக்கெல்லாம் பிராணவாயுவை வாரி வழங்கும் என்று பலர் நம்புகிறார்கள். இந்தப் பெரும்பிழையைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது முறையல்ல. கரியமிலவாயு வந்து பட்டால்தான் அதன் பிடி நன்றாகத் தளரும்.

மலைக்கோவில் படியேறிய ஒரு கெண்டைக்காலில், தசையணு ஒன்றுக்கு மூச்சு முட்டியது. தன் கரியமிலவாயுவை உள்ளே ஒளித்துவிட்டு, வாசலுக்கு வந்த சிவப்பணுவிடம் அது பிராணவாயு கேட்டது.

"முதல்ல உங்க கழிவை நீட்டுங்கம்மா. அது பட்டாத்தான் என் பிடி விடும்."

"வீடு தேடி வந்தவங்க கையில குப்பையையா கொடுக்கறது? நாங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்ல."

"பக்கத்து வீட்டம்மா கூடையோட கொட்டினாங்க. வேண்டிய மட்டும் வாங்கிக்கிட்டாங்க."

"அவங்களுக்கென்ன, மானமா போகுது?"

இரத்தத்தில் பின்னால் வந்த மற்ற அணுக்கள் நெருக்கவே, சிவப்பணு சுமையோடு நகர்ந்தது.

காலின் சொந்தக்காரர் அடுத்த படியிலேயே உட்கார்ந்து கெண்டைக்காலை நீவிவிட்டுக்கொண்டார்.