இடது காதில் அப்பா

வலது காதில் வாடிக்கையாளர், இடது காதில் அப்பா. வெளிச்சத்தம் நுழையாத இரண்டு இயர்போன்களையும் மாட்டிக்கொண்டு மாடியறைக் கதவைச் சாத்தினான்.

வலது காதுக்கு மடிக்கணினி. இடது காதுக்குக் கைபேசி. கீழே அப்பாவின் தலைமாட்டில் ஒரு பழைய போன், அவன் கம்பெனி தயாரிக்கும் மீட்டிங் செயலி திறந்தபடி இருந்தது. அந்த மீட்டிங்கில் மொத்தம் இரண்டே பேர், அப்பாவும் அவனும்.

கேமராவை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். படுக்கையில் கிடப்பதை யாரும் பார்த்துக்கொண்டிருப்பது அப்பாவுக்குப் பிடிக்காது, பெற்ற மகனே ஆனாலும்.

பக்கவாதம் வந்தபோது வலது கை, காலோடு பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருப்பது முனகல்தான். மற்றவர்களுக்கு முனகல், அவனுக்கு அது அத்தனையும் புரியும். ஓர் இழுப்பு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தொண்டைக்குள்ளேயே உருண்டு ‘உ... இ...’ என்று வந்தால் அது அவன் பெயர். சின்ன வயதிலிருந்து அப்பாவுக்கு அவன் குட்டிதான்.

தங்கை நல்ல பராமரிப்பு இல்லமாகப் பார்க்கலாமே என்று சொல்லிப் பார்த்தாள். அவன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். எனக்கு வேலையே வீட்டிலிருந்துதான், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர நான் இருக்கும்போது இவரை எவன் கையிலோ கொடுப்பதா என்று அவள் வாயை அடைத்தான். சொன்னபடி செய்தும் காட்டினான். கட்டிலை ஒட்டியே மேசை போட்டு இத்தனை நாள் வேலை பார்த்தான். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

இன்றைக்கு மட்டும்தான் மாடி. செயலியின் புது வசதியை வாடிக்கையாளருக்கு அவன்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு மிக்ஸி வேண்டும், சுத்தியல் வேண்டும். அதையெல்லாம் படுத்திருக்கிற மனிதரின் காதருகே வைத்துக்கொண்டா அடிப்பது?

தள்ளிப் போடவும் வழியில்லை. மேனேஜருக்குக் குழுவில் ‘பச்சைப்புள்ளி’ என்று பட்டப்பெயர். யார் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு அணைந்தாலும், எங்கேயோ இருக்கிற அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

காலையில் சோதித்தும் பார்த்தான். சோதிப்பதுதானே அவன் தொழில்! தங்கையைக் கட்டிலருகே நிற்க வைத்து ஏதாவது பேசு என்றான். மாடியில் கணீரென்று கேட்டது. திருப்தியாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லி அவளும் வேலைக்குக் கிளம்பினாள்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு முதல் தலைவலி வீடுதான் என்று ஆரம்பித்தான். திரையில் எல்லாரும் சிரித்தார்கள்.

மிக்ஸியை ஓடவிட்டான். அறையே அதிர்ந்தது. எதிர்முனையில் அவன் பேச்சைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். சுத்தியலால் மேசையைத் தட்டினான். அதுவும் கேட்கவில்லை.

குரைக்கிற நாய், அழுகிற குழந்தை, இருமல், தும்மல், எது வந்தாலும் செயலி அதை வாசலிலேயே நிறுத்திவிடும். வார்த்தையை மட்டும்தான் உள்ளே விடும் என்று விளக்கினான். இதற்கு எந்தப் பொத்தானை அமுக்குவது என்று ஒருவர் கேட்டார். எதையும் அமுக்க வேண்டாம், தானாகவே வேலை செய்யும், எங்கள் கம்பெனி மீட்டிங்குகளில் இன்று காலை பத்து மணியிலிருந்தே ஓடுகிறது என்றான். சொல்லும்போது அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

இடது காதில் சத்தமே இல்லை. பாவம், அசந்து தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டான். அவர் அப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று!

வாடிக்கையாளர் மறுபடி மிக்ஸியைப் போடச் சொன்னார். போட்டான். பச்சைப்புள்ளி தனியாக ஒரு கைதட்டல் படம் அனுப்பினார்.

அப்போதுதான் இடது காதில் தங்கையின் குரல் வந்தது, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

“அண்ணா, அப்பா கீழ விழுந்து கிடக்காரு. தெருவுல வரும்போதே அவர் கத்துறது எனக்குக் கேட்டுச்சு, உனக்குக் கேக்கலையா? இப்பவும் கத்திக்கிட்டுதான இருக்காரு.”

அவன் காதை அழுத்திப் பிடித்துக் கேட்டான். அவள் மூச்சு வாங்க வாங்கப் பேசியது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அவளுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

வலது காதில் யாரோ, முனகல் மாதிரி மெல்லிய சத்தத்தைக்கூட இது கண்டுபிடிக்குமா என்று கேட்டார்கள்.

கண்டுபிடிக்கும். அவனுக்குத் தெரியாதா?

எதெல்லாம் வேண்டாத சத்தம் என்று செயலிக்குப் பழக்க, அவரவர் வீட்டுச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். ஒருத்தி தன் நாயை அனுப்பினாள். ஒருவன் குக்கரை அனுப்பினான். இவன் கட்டிலோரம் போய் உட்கார்ந்து போனை நீட்டினான்.

வேலையை விட்டுவிட்டு மகன் சும்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று அப்பாவுக்கு அன்று ஒரே சந்தோஷம். போனைத் திருப்பி எடுக்கும்வரை குட்டி, குட்டி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.