பால்கனிக் கொடி

காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகரான மதுவந்திக்குத் தலை சுற்றியது. பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் கம்பிக்கு ஒருவர் காப்புரிமை கேட்டிருந்தார். கொடுப்பதா, மறுப்பதா?

“வெட்டின நுனி வழியா தண்ணி உள்ள போய்க் கம்பி துருப்பிடிக்குதாம். அதுக்காக உறைக்கும் கம்பிக்கும் நடுவுல பிசின் தடவியிருக்கார். இது யாருக்கும் தோணுமே!”

“எனக்குத் தோணாது” என்றான், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த கணவன் நவநீத்.

“நீ பேங்க்காரன். உனக்குத் தோணுமான்னு சட்டம் கேக்கலை. மெட்டலர்ஜி தெரிஞ்சவங்களுக்குத் தோணுமான்னுதான் கேக்குது. தோணும்னா காப்புரிமை கிடையாது.”

“அவங்களுக்குக் கண்டிப்பா தோணுமா?”

“அதான் குழப்பம். விடையைப் படிச்சப்புறம் எல்லாமே சுலபமாத்தான் தெரியுது.”

நவநீத் தன் வெள்ளைச் சட்டையை விரித்துக் காட்டினான். தோளில் துருக்கறை.

“இந்த பாலிகஞ்ச் வீட்டுக்கு வந்ததுலேருந்து பால்கனியில எத்தனை கொடி மாத்திட்டோம்? எல்லாம் இதே மாதிரி பிளாஸ்டிக் கம்பி. எல்லாத்துலயும் நுனியிலேருந்துதான் துரு கசிஞ்சது. மெட்டலர்ஜியில தங்க மெடல் வாங்கின நீ, அதுக்கு என்ன பண்ணினே?”

மதுவந்தி மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

“செல்லோடேப் சுத்தினேன்.”