வலமிருந்து இடம்

மஞ்சரியின் மதிப்பெண் அட்டையைப் பிரித்ததும் டீச்சரின் கை நின்றது.

த. மஞ்சரி. நான்காம் வகுப்பு.

டீச்சருக்கும் அதே இனிஷியல்தான். அதே தட்சிணாமூர்த்தி.

மஞ்சரிக்கு இது தெரியாது. தட்சிணாமூர்த்திக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. ஜூன் மாதம் பள்ளி வாசலில், இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் விட்டுப்போன மகளிடம், "வணக்கம் மிஸ்" என்றார். பிறகு குனிந்து சின்னவளின் ஷூ லேஸைக் கட்டிவிட்டார்.

அன்று பிடித்த வயிற்றெரிச்சல்.

ஒன்பது வயதுப் பிள்ளைமேல் பொறாமை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்லவில்லை. தினமும் காலையில் ஜன்னலோரம் நின்று அவர் ஸ்கூட்டரில் மஞ்சரியைக் கொண்டுவந்து விடுவதைப் பார்த்தாள். கொடுத்துவைத்தவள். கணக்கில் ஒரு மதிப்பெண் குறைத்துப் போட்டும் பார்த்தாள். எரிச்சல் அடங்கவில்லை.

தீபாவளிக்குப் பிறகு ஸ்கூட்டர் வரவில்லை. ஆட்டோ வைத்துவிட்டார்களாக்கும் என்று அதற்கும் எரிந்தாள்.

இப்போது அரையாண்டு. பெற்றோர் கையொப்பம்.

பெயர் சரி. சுழிகள் சரி. அடிக்கோடுதான் தப்பு.

அவர் இடக்கைக்காரர். கோட்டை வலப்பக்கம் அழுத்தித் தொடங்கி இடப்பக்கமாக இழுப்பார். காலாண்டுக் கட்டத்தில் அப்படித்தான் இருந்தது. இந்தக் கோடு இடப்பக்கம் தடித்திருந்தது.

ஏழாம் வகுப்பில், அப்பா போன பிறகு, அவர் கையெழுத்தைத் தானே போட்டபோது டீச்சரும் இதே தப்பைத்தான் செய்தாள். பக்கத்துப் பெஞ்ச் ஜெசிந்தா அட்டையைப் பிடுங்கி, இரண்டு கட்டத்தையும் எல்லோருக்கும் காட்டினாள். பள்ளி முடியும்வரை அவளுக்குப் பெயர் 'கள்ளக் கையெழுத்து'. கூடவே, "உங்கப்பன் எங்கடி ஓடிட்டான்?"

அந்த விடுமுறை முழுக்க இடக்கையால் எழுதிப் பழகினாள். அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மஞ்சரி, எந்திரி."

குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. டீச்சரின் காதிலேயே அது விழுந்தது.

வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மஞ்சரி எழுந்து நின்றாள். அவள் டீச்சர் கையிலிருந்த அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய ஒரு ஷூவின் லேஸ் அவிழ்ந்து தரையில் கிடந்தது.

அப்பா அந்த வீட்டையும் விட்டுப் போய்விட்டார்.

"ஒண்ணுமில்ல, உட்காரு. லேஸக் கட்டிக்க."

மாலைக்குள் அட்டைகள் தலைமையாசிரியையிடம் போக வேண்டும். அவர் ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்ப்பவர்.

டீச்சர் இழுப்பறையிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்தாள். பெயர் எழுதினாள். மதிப்பெண்களை நிரப்பினாள். கணக்கில் குறைத்த ஒன்றையும் சேர்த்துப் போட்டாள்.

பெற்றோர் கையொப்பத்துக்கு, காலாண்டு, அரையாண்டு என்று இரண்டு கட்டம் மிச்சமிருந்தது.

பேனாவை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.