மைனா எழுதாத பரீட்சை

வறண்ட தேசத்திலிருந்து குஞ்சோடு வந்த மைனாவுக்கு அன்று பரீட்சை. கொக்கு அதிகாரிக்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் அந்தக் காட்டில் கூடு கட்டலாம். இல்லையென்றால் வந்த வழியே போகவேண்டும்.

"நம்ம காட்டில ஓடை எத்தனை?"

மைனா அலகைத் திறந்து திறந்து மூடியது. குஞ்சைத் தூங்கவைத்துக்கொண்டே படித்த பாடம், நேராகக் கேட்டால் அலகுக்கு வரமாட்டேன் என்றது.

"ஐயா, பாடிச் சொல்லட்டுமா?"

"எப்படியாவது சொல்லும்மா."

"ஓடை மூணு கண்ணே, ஒத்தை மலை பொன்னே, ஆளும் ராசா யானை, ஆராரோ..." என்று சிறகை ஆட்டி ஆட்டி இழுத்தது மைனா. மரக்கிளையில் ஒற்றைக்காலில் நின்ற கொக்கின் கழுத்து மெல்லச் சரிந்தது.

"அம்மா, நாம பாஸா?" என்றது குஞ்சு.

"தெரியலையேடா. ஐயா தூங்கிட்டாரே."

கொக்கு கண்ணைத் திறக்காமலே சொன்னது: "கூட்டை இந்த மரத்திலேயே கட்டிக்கோம்மா. பாட்டு கேக்கிற தூரத்தில."